போர்க்கால நாடக ஆசிரியரைத் தேட: முதலில் தணிக்கைக் கோப்பு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஏதோ ஓர் ஊர் மன்றத்துக்காக நாடகம் எழுதியவரைத் தேடுகிறீர்களா? கையில் பெயர் மட்டும்தான் இருக்கிறதென்றால், பிறப்புப் பதிவேடுகளில் இறங்காதீர்கள். அந்நாளில் நாடகங்களைத் தணிக்கை செய்த அரண்மனை அதிகாரி லார்ட் சேம்பர்லின். பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள அவருடைய நாடகத் தொகுப்பில் நாடகத்தின் தலைப்பைத் தேடுங்கள். அங்கே கிடைக்கும் ஊரை வைத்துக்கொண்டு, அப்புறம் போர் தொடங்கியதும் அரசு எடுத்த மக்கள் பதிவேடான 1939 பதிவேட்டுக்குப் போங்கள்.

1843ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1968 வரை, கட்டணம் வாங்கி நடத்தும் புதிய நாடகம் எதற்கும் அவருடைய முன்அனுமதி வேண்டியிருந்தது. அமெச்சூர் குழுவுக்கும் விலக்கில்லை. அதனால் பிரதியும் தணிக்கையாளரின் அறிக்கையும் அரங்கின் பெயரும் அரசுக் கோப்பில் தங்கிவிட்டன. 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடோ முகவரி, பிறந்த தேதி, தொழில் மூன்றையும் தருகிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தீயில் அழிந்தது, 1941இல் எடுக்கவே இல்லை என்பதால் இதன் மதிப்பு மிகப் பெரியது. பெண் எழுத்தாளர் என்றால் கூர்ந்து பாருங்கள்: பின்னாளில் மணமாகி மாறிய குடும்பப்பெயரைப் பல இடங்களில் பழைய பெயரருகே எழுதிவைத்திருக்கிறார்கள். பலருக்குத் தடம் அறுந்துபோவதே அந்த இடத்தில்தான்.

உறுப்பினர்களுக்கு மட்டும் நடத்திய நாடகங்களுக்கு இந்த வழி உதவாது. அப்போதே படையில் இருந்தவர்கள் 1939 பதிவேட்டில் பொதுவாக இருக்க மாட்டார்கள். புனைபெயர் என்றால் ஊர் வரைதான் போக முடியும். அதன்பின் அவ்வூர்ப் பழைய செய்தித்தாள்களைத்தான் புரட்ட வேண்டும்.