கேக்கில் எழுதிய தேதி: குடும்பப் படங்களை வீட்டோடு வைத்துக்கொள்வது எப்படி

பேரனுக்கு முதல் பிறந்தநாள். கேக்கின் மேல் ஐசிங்கில் பெயர், அடியில் தேதி. பின்னால் வாசல் சுவரில் வீட்டு எண், ஓரமாக நிற்கும் காரில் டர்பனைக் குறிக்கும் 'என்டி' என்று தொடங்கும் நம்பர் பிளேட். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எடுத்த அந்தப் படம் இருநூறு பேர் இருக்கிற குடும்ப வாட்ஸாப் குரூப்புக்குப் போகிறது. சாயங்காலத்துக்குள் யாரோ ஒரு மாமாவின் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. எந்தத் திருடனும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. குடும்பப் படங்கள் வெளியே போவது பெரும்பாலும் இப்படித்தான், பாசத்தால்.

நம் தென்னாப்பிரிக்காவில், பிறந்த தேதி என்ற விவரத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். நம் அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறு, பிறந்த ஆண்டும் மாதமும் நாளும். அடுத்த நான்கு வரிசை எண். 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் ஆண். பதினோராவது இலக்கம் குடிமக்களுக்கு 0. பன்னிரண்டாவது இப்போது பெரும்பாலும் 8. கடைசி இலக்கத்தை மற்ற பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். ஆக, பிறந்த தேதி தெரிந்தவனுக்குத் தெரியாமல் மிஞ்சுவது நான்கே இலக்கம். ஆணா பெண்ணா என்று படத்தைப் பார்த்தாலே தெரிவதால் அதிலும் பாதி கழிந்துவிடும். தாத்தாவின் எண்பதாம் பிறந்தநாள் பேனருக்கும் இதே கணக்குதான். அவருக்கோ வங்கிக் கணக்கு இன்றைக்கே இருக்கிறது.

எனவே வெளியே போகும் படத்தில் ஆண்டு தெரியக் கூடாது. அது மட்டும் போதாது: '1' என்ற மெழுகுவத்தியும் பதிவிட்ட நாளும் சேர்ந்தாலே பிறந்த தேதி வந்துவிடும். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் போடுங்கள். வாழ்த்து கொஞ்சம் ஆறினாலும் பாதகமில்லை.

அனுப்பும் முன் முகத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில் எடுக்கும் படத்தில் பிளேஸர் பேட்ஜ் பள்ளியின் பெயரைச் சொல்லும். மேசையில் கிடக்கும் மருத்துவ அட்டை, குளிர்பெட்டியில் ஒட்டிய பில், கண்ணாடியில் தெரியும் கணினித் திரை எல்லாம் இதே வகை. வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். மறைக்கத்தான் வேண்டும் என்றால் முழு நிறத்தில் நிரப்பிய கட்டத்தால் மறையுங்கள். போனின் எடிட் கருவியில் வரும் ஹைலைட்டர் பேனாவால் தேய்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த மை பாதி ஊடுருவக்கூடியது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும் இடம். கூகுள் ஃபோட்டோஸில் படத்தைத் திறந்து மேலே தள்ளினால் வரைபடம் வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் எடுத்த இடம் உள்ளே இருக்கிறது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரம் கழன்றுவிடும். பிரிண்ட் போடத் தெளிவாக வேண்டும் என்று அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். ஈமெயிலிலும் அப்படித்தான். ஐஃபோனில் ஷேர் அழுத்தியதும் மேலே வரும் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'லொகேஷன்' இருக்கும்; அதை அணைத்துவிட்டு அனுப்புங்கள். கேமராவிலேயே இடத்தை அடியோடு அணைத்து வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அது தேவையில்லை. வட ஆற்காட்டுப் பக்கம் பூட்டனாரின் கிராமத்தைத் தேடிப் போய் எடுத்த படத்தில் இடம் பதிவாகியிருந்தால், முப்பது வருடம் கழித்து அதுதான் வழி காட்டும். மூலப் படத்தில் இருக்கட்டும், வெளியே போகும் நகலில் எடுத்துவிடுங்கள்.

இனி வாட்ஸாப். பெரிய குரூப் செய்திக்கு, சின்னக் குரூப் படத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட தனிக் குரூப் போதும். அந்தக் குரூப்பின் விவரப் பக்கத்தில் 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி'யை இயக்குங்கள். அப்போது படங்கள் மற்றவர்களின் கேலரிக்குள் தானாக இறங்காது, அரட்டையையும் ஏற்றுமதி செய்ய முடியாது. இது ஏன் முக்கியம் என்றால், கேலரிக்குள் இறங்கிய படம் அவரவர் போன் அமைப்பைப் பொறுத்து மேகச் சேமிப்புக்கும் (கிளவுட்) ஏறிவிடலாம். பிறகு நீங்கள் குரூப்பில் அழித்தாலும் அங்கே அது இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் இந்த அமைப்பு தடுக்காது. அதற்கு வாய் வார்த்தைதான். பெரியம்மாவிடம் பிறகு போய் 'ஏன் போட்டீங்க' என்று கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். படத்தோடேயே 'இது நமக்குள்ள மட்டும், பெரியம்மா' என்று எழுதி அனுப்பினால் சண்டைக்கே இடமில்லை.

ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் இருந்தால் செட்டிங்ஸ், பிரைவசி, ஸ்டேட்டஸ் என்று போய் 'ஒன்லி ஷேர் வித்' தேர்ந்தெடுங்கள். 'மை கான்டாக்ட்ஸ்' என்றால் பிளம்பரும் பழைய கார் வாங்கியவரும் அதில் அடக்கம். அரட்டை பேக்கப்புக்கு முழு மறையாக்கம் (எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்) தானாக இயங்காது. 'சாட் பேக்கப்' உள்ளே போய் நீங்களே இயக்க வேண்டும். 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்தால் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். போனையும் சாவியையும் சேர்த்துத் தொலைத்துவிட்டால் வாட்ஸாப்பாலும் அந்த பேக்கப்பைத் திறந்து தர முடியாது.

ஃபேஸ்புக்கில் இரண்டு வேலை. 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' அழுத்தினால் இதுவரை எல்லோருக்கும் திறந்திருந்த பழைய பதிவுகள் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருங்கும். டேக் செய்வதற்கு உங்கள் ஒப்புதல் கேட்கும் அமைப்பையும் இயக்குங்கள். கவர் படம் எப்போதும் எல்லோருக்கும் தெரியும்; அங்கே குழந்தை வேண்டாம்.

கூகுள் ஃபோட்டோஸ் ஆல்பத்தை லிங்க் மூலம் பகிர்ந்தால் அந்த லிங்க் கையில் கிடைத்த யாரும் திறக்கலாம். லிங்க் பகிர்வை அணைத்துவிட்டு ஆளாளாகச் சேருங்கள். ஐஃபோன் குடும்பமென்றால் ஷேர்டு ஆல்பத்தில் 100 பேர் வரை சேர்க்கலாம். 'பப்ளிக் வெப்சைட்' அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் படம் சுருங்கித்தான் போகும், நீளப் பக்கம் 2048 பிக்ஸல். பார்க்கப் போதும், பாதுகாத்து வைக்கப் போதாது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தந்தை பெயர், வயது, ஊர், ஜாதி, உடல் அடையாளம். அந்த எண்ணை வைத்து வேர் தேடுவது நல்ல காரியம். ஆனால் கிடைத்த தாளை அப்படியே பொதுவில் போட்டால் ஜாதிக் கட்டமும் கூடவே போகிறது. உயிரோடிருக்கும் ஐம்பது உறவினர்களைக் கேட்காமல் அதைச் செய்யலாகாது. வம்சாவளித் தளத்தில் மரம் போடும்போது இறந்தவர்களை மட்டும் பொதுவில் வையுங்கள். உயிரோடிருப்பவர்களைத் தனியாக மூடி வையுங்கள், குறிப்பாகத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை. அதைப் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பழைய சிறிய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து இரண்டு டிரைவில் வையுங்கள். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேறு வீட்டுக்குப் போகும் டிரைவில் 7-ஜிப் என்ற மென்பொருள் கொண்டு ஏஇஎஸ்-256 மறையாக்கத்தில் கடவுச்சொல் போட்டு அடைக்கலாம். 7இசட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' கட்டத்திலும் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் கடவுச்சொல் தெரியாதவருக்கும் கோப்பின் பெயர்கள் தெரியும்.

படம் ஏற்கெனவே வெளியே போய்விட்டால்? பள்ளியோ நிறுவனமோ குழந்தையின் படத்தைப் போட்டிருந்தால் 'போப்பியா' எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டி எழுத்து மூலம் கேளுங்கள். குழந்தையின் தகவலுக்குப் பொதுவாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். நடக்காவிட்டால் தகவல் ஒழுங்காளரிடம் முறையிடலாம். உறவினர் சொந்த முறையில் போட்டதற்கு இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. வீட்டுக் காரியங்களை அது விலக்கி வைத்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் படத்தைத் தேடலில் காட்டாதிருக்கக் கூகுளிடம் தனியாக விண்ணப்பிக்கலாம். தேடலிலிருந்து போகுமே தவிர, மூலத் தளத்தில் இருக்கும்.

இழவுச் செய்தியிலும் கவனம் வேண்டும். வீட்டு முகவரியும், டர்பனின் க்ளேர் எஸ்டேட் தகன மேடைக்குக் கிளம்பும் நேரமும் ஒரே அறிவிப்பில் இருந்தால், வீடு எப்போது காலியாக இருக்கும் என்று ஊருக்கே சொன்னதாகும். பொது அறிவிப்பில் தகன இடமும் நேரமும் மட்டும் போதும். வீட்டு முகவரி கேட்பவர்களுக்குத் தனியே அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் வீட்டில் உட்கார்த்தி வையுங்கள்.

இறந்தவரின் போனில் பூட்டிக் கிடக்கும் படங்களுக்கு வழி, அவர் இருக்கும்போதே செய்து வைப்பதுதான். கூகுள் கணக்கில் 'இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' திறந்து 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்து, அத்தனை காலம் கணக்கு சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது போய்ச் சேர வேண்டிய நம்பகமானவர்கள் 10 பேர் வரை சேர்க்கலாம். ஐஃபோனில் இதற்கு ஈடானது 'லெகசி கான்டாக்ட்'. ஆயாவின் போனை வாங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யார் பெயரைப் போடுவது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.