சம்பளத்துக்கு வரி இல்லை, வெளிவேலைக்கும் பிடித்துவிட்டார்கள். பிறகு எங்கிருந்து வந்தது 73,100 ரூபாய்?

ஜூலையில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய உட்காரும்போதுதான் பலருக்கு இந்த அதிர்ச்சி. அலுவலகத்தில் இளையவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, என் சம்பளத்துக்கு வரியே வராது என்றார்கள். வெளியில் செய்த வேலைக்குப் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் தந்தார்கள். இன்னும் எழுபதாயிரத்துக்கு மேல் கட்டச் சொல்கிறது. எங்கோ தவறு நடந்திருக்கிறதா?" கணக்கில் தவறு இல்லை. அந்தப் பத்து சதவீதத்தோடு வரி தீர்ந்தது என்று எண்ணியதுதான் தவறு.

2025-26 நிதியாண்டையும் புதிய வரி முறையையும் வைத்துப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 12,00,000 ரூபாய். நிலையான கழிவு 75,000 போனால் 11,25,000. வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு வரி முழுவதும் தள்ளுபடியாகிவிடும் என்பதால் நிறுவனம் ஒரு ரூபாயும் பிடிக்கவில்லை. வெளிவேலையில் 4,00,000 வந்தது, பிடித்தம் 40,000. இரண்டையும் கூட்டினால் 15,25,000. தள்ளுபடி அடியோடு போய்விட்டது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதமாக 20,000, அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதமாக 40,000, மீதி 3,25,000-க்கு 15 சதவீதமாக 48,750. இந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம் சேர்த்தால் 1,13,100. பிடித்த 40,000 போகப் பாக்கி 73,100.

வெளிவேலைப் பணம் தன்னுடைய வரியை மட்டும் கொண்டுவருவதில்லை. சம்பளத்துக்கு இருந்த தள்ளுபடியையும் பறித்துக்கொண்டு போகிறது. அந்த நான்கு லட்சத்தில் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 28 ரூபாய்க்கு மேல் வரிக்கே போகிறது. இதை முன்பே அறிந்தவர் விலை பேசும்போதே கணக்கில் வைத்திருப்பார்.

பிடித்தமும் எல்லோருக்கும் பத்து சதவீதமாக இருப்பதில்லை. தொழில்நுட்பச் சேவை என்று எழுதினால் 2 சதவீதம், ஒப்பந்த வேலை என்று எழுதினால் தனிநபருக்கு 1 சதவீதம்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர் பெரும்பாலும் எதுவும் பிடிப்பதில்லை. குறைவாகப் பிடித்தால் கைக்கு அதிகம் வந்ததாக மகிழ்கிறோம். அந்த மீதி நம்முடைய பணம் அல்ல. பணம் வந்த அன்றே கால் பங்குக்குக் குறையாமல் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

அடுத்தது முன்கூட்டிய வரி. பிடித்தம் போக ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர்களில் பலர் இது வியாபாரிகளுக்கு உரியது என்று விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன 73,100-ஐ ஜூலை வரை ஒரு பைசாவும் கட்டாமல் வைத்திருந்தால், தவணை தவறியதற்கும் ஏப்ரல் முதலான தாமதத்துக்கும் சேர்த்து 6,600 ரூபாய் வாக்கில் வட்டி வரும். தேதிகளை நினைவில் வைக்க முடியாதவருக்கு எளிய வழி உண்டு: வேறு வருமானத்தை அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்தால், அவர்களே சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். வெளிவேலை செய்வதைச் சொல்லத் தயங்குகிறவர் தாமே தவணை கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பாதி வருமானத்தைக் காட்டினால் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் அல்ல. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டட வடிவமைப்பு, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்று சட்டம் பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும் மொத்த வரவில் 50 சதவீதத்தை லாபமாகக் காட்டும் உரிமை இருக்கிறது. நம் உதாரணத்தில் அப்படிக் காட்டினால் வரி 81,900, பாக்கி 41,900 என்று இறங்கிவிடும். அவர்கள் முன்கூட்டிய வரியையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். மொழிபெயர்ப்பாளரும் டியூஷன் ஆசிரியரும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் உண்மையான செலவுகளை ரசீதோடு கழிக்க வேண்டும். பாதியைக் கழித்துவிட்டு லேப்டாப், இணையக் கட்டணம் என்று மறுபடியும் கழிப்பது பெரிய பிழை.

பதற்றத்தில் செய்யும் தவறுகள் இன்னும் வருத்தம் தருகின்றன. பாக்கியைக் கண்டதும் ஜூலையில் காப்பீட்டுப் பாலிசி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிதியாண்டு மார்ச் 31 அன்றே முடிந்துவிட்டது. புதிய முறையில் அந்தப் பிரீமியத்துக்குக் கழிவே கிடையாது. கிரெடிட் கார்டில் கடன் சுமந்து கட்டுவதும் வேண்டாம். அரசின் வட்டி மாதம் 1 சதவீதம். கார்டுகள் பலவற்றில் அது 3 சதவீதத்துக்கு மேல். கையில் இருப்பதை முதலில் கட்டுங்கள். பணம் போதவில்லை என்று தாக்கலைத் தள்ளிப்போட்டால், வருமானம் 5 லட்சத்துக்கு மேல் உள்ளவருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணமும் தனி வட்டியும் சேரும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வெளிவேலையை மறைத்துச் சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்வது. பிடித்தம் செய்த நிறுவனம் உங்கள் பான் எண்ணோடு அதை அரசிடம் தெரிவித்துவிட்டது. உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்திலும், உங்கள் வரவுகளைத் தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையிலும் அது இருக்கும். உங்களுக்கு உரியது ஐடிஆர்-3, பாதி வருமானம் காட்டுகிறவருக்கு ஐடிஆர்-4.

அதே 26ஏஎஸ் உங்களையும் காப்பாற்றும். தாக்கலுக்குப் பின் வரிப் பாக்கி கேட்டு அறிவிப்பு வந்தால், உடனே பணம் கட்டாமல் அதைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டாமல் விட்டிருக்கலாம், அல்லது பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் பதிந்திருக்கலாம். அப்போது அவரிடம் திருத்தம் கேட்டு எழுதுங்கள். பில்லையும், பிடித்தம் போக வந்த தொகையைக் காட்டும் வங்கி அறிக்கையையும் எடுத்து வையுங்கள். உங்களிடம் பிடித்துவிட்ட வரியை மீண்டும் உங்களிடமே வசூலிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் அறிவிப்பு வந்த 30 நாட்களுக்குள், வருமான வரித் தளத்தில் அந்தத் தொகையை ஏற்கவில்லை என்று காரணத்தோடு பதிவு செய்துவிட வேண்டும். தொகை சரியானதுதான், கட்ட வழியில்லை என்றால், அதே 30 நாட்களுக்குள் தவணை கேட்டு வரி அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம்.