சிமிலி, ஐரனி, பிளாங்க் வெர்ஸ்: விடைத்தாளில் சறுக்கும் இடங்கள்

ஆங்கில இலக்கிய மாணவர்கள் அணிகளுக்கு விளக்கம் ஒப்பிப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரு வரியைக் கொடுத்து ‘இதில் என்ன அணி?’ என்று கேட்டால்தான் தடுமாற்றம். பொருளைப் பார்க்காமல் அடையாளத்தைத் தேடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

‘லைக்’, ‘ஆஸ்’ கண்ணில் பட்டதுமே சிமிலி, அதாவது உவமை, என்று எழுதிவிடுவார்கள். ‘அவள் தன் அம்மாவைப் போல இருக்கிறாள்’ என்பதிலும்தான் ‘லைக்’ வரும். அது வெறும் ஒப்பீடு. இனம் வேறான இரண்டை இணைத்தால்தான் சிமிலி. தனியே அலைந்த தன்னைக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் மேகத்தோடு ஒப்பிட்டாரே, அது சிமிலி.

அருகருகே வரும் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவதுதான் அலிட்டரேஷன். அதை நம் மோனை என்று நினைத்து முதல் எழுத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஒலிதான் கணக்கு. போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’ கே எழுத்தில் தொடங்கினாலும் ‘கிங்’குடன் சேராது, ‘நோபிள்’ உடன் சேரும். ‘ஃபோன்’, ‘ஃபைன்’ இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு, ஆனாலும் சேரும்.

அதிகம் அடிபடுவது ஐரனிதான். வெளியே கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டால் அது துரதிர்ஷ்டம், அவ்வளவே. தீயணைப்பு நிலையமே தீப்பிடித்தால் அது எதிர்பார்ப்புக்கு நேர்மாறு, அதுதான் ஐரனி. டிரமாட்டிக் ஐரனிக்கு ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டின் கடைசி அங்கத்தைப் பாருங்கள். ஜூலியட் மருந்து மயக்கத்தில் கிடக்கிறாள் என்பது நமக்குத் தெரியும், ரோமியோவுக்குத் தெரியாது. அவள் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறதே என்று வியக்கிறான். அப்புறம் நஞ்சைக் குடிக்கிறான். விடையில் அணியின் பெயரைச் சொல்லி நிறுத்தினால் போதாது. உயிர் இருப்பதற்கான அடையாளத்தை அவனே வாய்விட்டுச் சொல்லியும் அவனுக்குப் புரியவில்லை. அந்தச் சிவப்பைச் சுட்டிக்காட்டி இதை எழுத வேண்டும்.

பிளாங்க் வெர்ஸும் ஃப்ரீ வெர்ஸும் ஒன்றல்ல. முன்னதில் ரைம், அதாவது வரிகளின் இறுதி ஒலி ஒத்துவருவது, இருக்காது, சந்தம் இருக்கும்: வழக்கமாக வரிக்குப் பத்து அசை, அவற்றில் ஐந்து அழுத்தம். 1667இல் வந்த மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ அப்படிப்பட்டது. 1855இல் வால்ட் விட்மன் வெளியிட்ட ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ ஃப்ரீ வெர்ஸ். அதில் நிலையான சந்தமும் கிடையாது. ரைம் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், விரல்விட்டு அசையை எண்ணுங்கள்.

பதெடிக் ஃபாலஸி என்ற பெயரில் ‘ஃபாலஸி’ இருப்பதால் அது கவிஞர் செய்த பிழை என்று எழுதுவதும் நடக்கிறது. 1856இல் ஆங்கில விமர்சகர் ஜான் ரஸ்கின் அந்தப் பெயரைக் குறைகூறும் தொனியில்தான் வைத்தார். ஆனால் இன்று அது இயற்கைக்கு மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்லும் உத்தியின் பெயர், அவ்வளவுதான்.

கடைசியாக மெட்டானிமியும் சினெக்டகியும். அரசரைக் ‘கிரௌன்’ என்பது மெட்டானிமி. கிரீடம் அவர் உடம்பின் உறுப்பல்ல, அவரோடு தொடர்புடைய பொருள். கப்பல் ஆட்களை ‘ஹேண்ட்ஸ்’ என்பது சினெக்டகி. கை அவர்களின் உறுப்பு. ‘தலைக்கு ஒரு பழம்’ என்ற சினையாகுபெயர் நினைவிருந்தால் இது எளிது. எது என்று தீர்மானிக்க முடியாத வரி வந்தால் மெட்டானிமி என்று எழுதிக் காரணம் சொல்லுங்கள். சினெக்டகியை அதன் ஒரு வகையாகவே கொள்பவர்கள் பலர்.