பத்தாவது புத்தகத்தைத் தாண்டச் சொன்னவன் நான்தான்

பெரம்பூரில் சின்னதாக ஒரு வாடகை நூலகம் வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை. கல்லாப் பக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு, அதோடு சணல் கயிற்றில் கட்டிய பேனா. கட்டாவிட்டால் ஒரு வாரம் தங்காது. புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் மனசில் பட்டதை அதில் எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்து எடுக்க வருகிறவர் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான். என் சிபாரிசை யாரும் கேட்பதில்லை.

வியாசர்பாடியிலிருந்து வரும் இரண்டு கல்லூரிப் பையன்கள் 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையைப் படிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ராபர்ட் ஜோர்டன் எழுதிய ஆங்கில மாயாஜால நாவல் வரிசை. முதல் புத்தகம் 1990-ல், பதினான்காவது 2013-ல். நடுவே 2004-ல் முன்கதையாக ஒரு நாவல். எல்லாம் சேர்த்து 40 லட்சம் சொற்களுக்கு மேல். போன மாதம் பையன்கள் நோட்டில் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே நோட்டின் அண்ணனில் நான் எழுதிய அதே அசட்டுத்தனம்.

முடிவைப் போட்டு உடைக்காதே, பெயரைத் தப்பாக எழுதாதே, ஓடிடியில் பார்த்ததைப் புத்தகத்தில் படித்ததாக அளக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நோட்டில் எழுதும்போது நடக்கும் மற்ற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

ஊர்த் திருவிழாவோடு மூடிவைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது

முதல் புத்தகம் ஒரு சின்ன கிராமத்தில் ஆரம்பிக்கிறது. குளிர் விடவில்லை, வசந்தத் திருவிழாவுக்கு ஏற்பாடு நடக்கிறது, குதிரையில் யாரோ வருகிறார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனைப் படித்தவர் யாரும் இருபதாவது பக்கத்தில் 'பழைய சரக்கு' என்பார். ஆரம்ப அத்தியாயங்களில் அந்த டோல்கீன் வாசனை வரவேண்டும் என்று தெரிந்தேதான் செய்ததாக ஜோர்டனே சொல்லியிருக்கிறார். பழகின வாசலில் நுழைய விட்டுவிட்டு, அப்புறம் உள்ளே வேறு வீட்டைக் காட்டுகிறார்.

அது பிடிக்காமல் போகலாம். '60-ம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன், பிடிக்கவில்லை' என்று எழுதினால் அது யோக்கியமான கருத்து. 'பதினாலும் இப்படித்தான்' என்று எழுதினால் அது ஜோசியம்.

அடுத்தவன் சலிப்பைக் கடன் வாங்குவது

பையன்கள் எழுதியிருந்தது இதுதான்: '8, 9, 10 செம போர். தாண்டிடுங்க. நேரா 11.'

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க தம்பி?"

"மூணாவதுல இருக்கோம்ணே."

"அப்புறம் இது?"

"எல்லாரும் அதான் சொல்றாங்கண்ணே."

என்னால் திட்ட முடியவில்லை. 2010 கடைசியில் நான் செய்ததும் இதேதான். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர், இந்த வரிசையில் ஒன்று முதல் பதினொன்று வரை மொத்தமாக எடுத்து வைத்திருந்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே பதிப்பு. கட்டுப்படியாகவில்லை. எதைக் கழிக்கலாம் என்று யோசித்தபோது, பத்தாவதில் ஒன்றுமே நடக்காது என்று இணையத்தில் ஊரே சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. நான் அப்போது நாலாவதில் இருந்தேன். பத்தாவதை மட்டும் அவர் மேஜையிலேயே வைத்துவிட்டேன். 120 ரூபாய் மிச்சம். கடைக்கு வந்து நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: '10 தேவையில்லை. 9 முடித்தால் நேரே 11.' அடியில் இரண்டு கோடு வேறு.

அந்த ஊர் ஏன் அப்படிச் சொன்னது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒன்பதாவது புத்தகம் 'விண்டர்ஸ் ஹார்ட்' 2000 நவம்பரில் வந்தது. முடிவில் மிகப்பெரிய சம்பவம் ஒன்று நடக்கிறது. அடுத்து என்ன என்று வாசகர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2003 ஜனவரியில் பத்தாவது, 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்', வந்தது. திறந்து பார்த்தால், அந்தச் சம்பவம் நடந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கதை பின்னாலே போய் நிற்கிறது. வெகு தூரம் அப்படியே போகிறது. தண்டையார்பேட்டைக்கு ஒரு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றவனுக்கு, பஸ் வந்தும் அதே ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றால் எப்படி இருக்கும்? அது போதாதென்று பதினொன்றாவது வந்தது 2005 அக்டோபரில். எட்டாவதின் கடைசியில் தொடங்கும் ஒரு சிக்கல் பதினொன்றில்தான் தீர்கிறது. எட்டாவது வந்தது 1998-ல். ஏழு வருஷம்! அவர்கள் கோபப்பட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

ஆனால் என் கடைக்கு வருகிறவர் சனிக்கிழமை ஒன்பதாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே பத்தாவதை எடுத்துக்கொண்டு போகப் போகிறார். அவருக்கு அந்த இரண்டு வருஷமும் கிடையாது, ஏழு வருஷமும் கிடையாது. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் கல்கி பத்திரிகைக்குக் காத்திருந்து பொன்னியின் செல்வன் படித்த பாட்டிக்கு எங்கே இழுத்ததோ, ஐந்து பாகத்தையும் பத்து நாளில் முடிக்கும் பேத்திக்கு அங்கே இழுக்காது. இது தெரியாத ஆளா நான்? தெரியும். தெரிந்துதான் இரண்டு கோடு போட்டேன். அதுதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

நோட்டைப் பார்த்து மூன்று பேர் தாண்டினார்கள். அதில் ஒருவர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் வருவார். அட்டை கசங்காமல் இருக்க, புத்தகத்தை நியூஸ் பேப்பரில் சுற்றித்தான் எடுத்துப் போவார். ஒருநாள் பதினொன்றாவதைக் கொண்டுவந்து கல்லா மேல் விரித்து, ஒரு பத்தியில் விரல் வைத்தார்.

"ஏம்பா, இந்தப் பொண்ணு எப்படி இங்க வந்து மாட்டுச்சு? நான் எதாவது பக்கத்தை விட்டுட்டனா?"

எனக்கு என்ன தெரியும்? நான்தான் படிக்கவே இல்லையே. "போகப் போகப் புரியும் சார்" என்று சமாளித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அடுத்த வாரம் புத்தகத்தை வைத்துவிட்டு, "கண்ணு சரியில்லப்பா" என்று ஒரு மெல்லிய தமிழ் நாவலை எடுத்துக்கொண்டார். பத்து தடிப் புத்தகம் படித்த கண் அது. மற்ற இரண்டு பேரும் பதினொன்றிலேயே கழன்றுகொண்டார்கள். அதற்கப்புறம் வாங்கிய கடைசி மூன்று புத்தகங்களையும் ரொம்ப நாளைக்கு எடுக்க ஆளில்லை.

வெட்கம் வந்து பத்தாவதைப் புதிதாகவே வாங்கினேன், 599 ரூபாய். அதே அளவில் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அலமாரியில் அது மட்டும் அரை அங்குலம் தலை தூக்கி நிற்கிறது. படித்தேன். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் கடைசிப் பக்கங்களில் இருந்தது. மாட்டக் கூடாத ஆள் மாட்டக் கூடாத இடத்தில் மாட்டுவது அங்கேதான். அதற்குள் அவர் மகன் வீட்டோடு ஆவடிப் பக்கம் போய்விட்டார்.

பத்தாவது புத்தகம் ஒரு மறைந்த மாணிக்கம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. மெதுவான புத்தகம்தான். பேச்சும் ஆலோசனையுமாக நகரும், ஒரு பக்கத்தில் வந்த பெயர் பத்துப் பக்கம் கழித்து வந்தால் யார் என்று தெரியாது. இரண்டு தடவை தூங்கியே போனேன். ஆனால் அது நானே படித்து, நானே தூங்கின தூக்கம். அதை நோட்டில் எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

இப்போது நோட்டில் ஸ்கேல் வைத்து இரண்டு பத்தி கோடு போட்டிருக்கிறேன். ஒன்றில் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், இன்னொன்றில் எத்தனை நாளில் படித்தீர்கள். இரண்டையும் நிரப்பாமல் எழுதினால் நானே அடித்துவிடுவேன். பையன்கள் எழுதினதையும் அடித்துவிட்டேன், அவர்கள் கண்ணெதிரேயே. "என் பழைய நோட்டைக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். சிவப்பு மையைப் பார்த்து சின்னவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆசிரியர் குறிப்பைப் படிக்காமல் ஆசிரியரைத் திட்டுவது

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் மார்ட்டினின் வரிசையில் 2005-ல் வந்த நாலாவது புத்தகத்தில் வாசகர்களுக்குப் பிடித்த பாதிப் பேரைக் காணோம். 'ஆசிரியர் மறந்துவிட்டார்' என்று ஒருவர் நோட்டில் எழுதினார். கதை பெரிதாகிவிட்டதால் ஆட்களை இரண்டு புத்தகமாகப் பிரித்த விஷயத்தை மார்ட்டின் அதே புத்தகத்தின் கடைசியிலேயே சொல்லியிருக்கிறார். மீதிப் பேர் வர 2011 ஆனது. அதைச் சொல்லித் திட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது?

'இது இங்கிலீஷ் பொன்னியின் செல்வன்'

வேண்டாம். வந்தியத்தேவனுக்கு மந்திரம் தெரியாது.

நட்சத்திரம் போடுவது

ஓட்டலுக்குப் போடுங்கள்.

எந்த வரி யார் எழுதியது என்று கண்டுபிடிப்பது

ஜோர்டன் 2007 செப்டம்பர் 16 அன்று இறந்துபோனார், வரிசை முடியாமலே. அவர் மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து முடிக்கச் சொன்னார். ஜோர்டன் விட்டுப்போன குறிப்புகளையும் எழுதிவைத்த பகுதிகளையும் வைத்து, ஒரே புத்தகமாக நினைத்தது மூன்றாக விரிந்து 2009, 2010, 2013-ல் வந்தது.

கடைசி மூன்றில் நடை மாறுகிறது, வேகம் கூடுகிறது, மாட் என்கிற பாத்திரத்தின் கிண்டல் பன்னிரண்டாவதில் கொஞ்சம் இடறுகிறது என்று சொன்னால் நானும் கூடச் சேர்ந்து தலையாட்டுவேன். அதற்கு மேலே போய் வரி வரியாகக் கை பார்ப்பதுதான் வம்பு. 'கடைசிக் காட்சியில் ஜோர்டனின் கை இல்லாதது அப்பட்டமாகத் தெரிகிறது' என்று நோட்டில் ஒரு மேதாவி எழுதியிருந்தார். அந்தக் கடைசிக் காட்சி ஜோர்டன் சாவதற்கு முன்பே எழுதிவைத்தது. மேதாவியின் கையெழுத்து என்னுடையது.

'பெண் பாத்திரங்கள் சரியில்லை' என்று மொட்டையாக முடிப்பது

இந்த வரிசை பற்றி அடிக்கடி வரும் புகார் இது. புகாரில் விஷயமும் இருக்கிறது. ஆனால் மொட்டையாக எழுதினால் அடுத்தவருக்கு எதுவும் போய்ச் சேராது. எப்படி எழுதுவது என்று எனக்குக் காட்டினவர் ராயபுரத்திலிருந்து வரும் ஒரு நர்ஸ். நைனேவ் என்கிற பாத்திரத்துக்குக் கோபம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுக்கும் பழக்கம். 'இவளைக் கோபக்காரி என்று காட்ட ஆசிரியருக்குப் பின்னலைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் காயம்பட்டவரைத் தொடும்போது மட்டும் அவள் கை வேறு கையாகிவிடுகிறது. அந்த இடங்களில் நான் அவளை நம்பினேன்' என்று எழுதியிருந்தார். நாலே வரி. அதைப் படித்துவிட்டு அந்த மாதமே நாலு பேர் முதல் புத்தகத்தை எடுத்துப் போனார்கள்.

அப்புறம்தான் பார்த்தேன், புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலில் கோடு கோடாக, கேரம் பாயிண்ட் எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு பின்னல் இழுப்புக்கும் ஒரு கோடு. ஐந்து சேர்ந்தால் குறுக்கே ஒன்று. வாடகைப் புத்தகத்தில் கிறுக்கினால் எனக்குப் பொறுக்காது. ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோடுகளுக்குக் கீழே நீல பால்பாயிண்டில் வேறு ஒரு கையெழுத்து இருந்தது: 'நடுவுல ரெண்டு விட்டுட்டீங்க சிஸ்டர்.'