இ.எஸ்.ஐ. வேலையிழப்பு உதவித்தொகையை வைத்து வீட்டுச் செலவை ஓட்டுவது எப்படி?

இந்தப் பதிவு யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள், அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு, கம்பெனியில் ஆளைக் குறைத்ததில் வேலை போய்விட்டது. இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான். கோயம்புத்தூரில் எங்கள் வீடும் இதே நிலையில் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பவுண்டரியில் (இரும்பு வார்ப்பு ஆலை) மோல்டிங் பிரிவில் இருந்தார். ஆர்டர் குறைந்தது, ஷிப்ட் குறைந்தது, அப்புறம் ஆளும் குறைந்தது. அடுத்த வேலை கிடைக்கும்வரை நான் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆதாரை பேங்கோடு இணைப்பது எப்படி என்பதெல்லாம் இதில் இல்லை. யூடியூபில் அதற்கு வேண்டிய மட்டும் வீடியோ இருக்கிறது.

சிக்கன டிப்ஸ் என்று வருவதைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஹோட்டலைக் குறை, ஆன்லைன் ஆர்டரைக் குறை என்பார்கள். 18,000 சம்பளத்தில் ஓடும் வீட்டில் குறைப்பதற்கு ஹோட்டல் எங்கே இருக்கிறது? எங்களுக்கு இடித்தது தேதி. வாடகை 5-ஆம் தேதி, வண்டித் தவணை 7-ஆம் தேதி. உதவித்தொகை எப்போது கணக்கில் ஏறும் என்பது மட்டும் நம் கையில் இல்லை. எந்தப் பணத்தை எந்தத் தேதிக்கு ஒதுக்குவது என்பதுதான் கீழே வரும் அத்தனை படிகளும்.

படி 1: எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்கிடுங்கள்

திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலையில் தொடங்கியது. முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் இருந்து 50 சதவீதம். அதிகபட்சம் 90 நாளுக்கு, அதுவும் வாழ்நாளில் ஒரு முறைதான். கால நீட்டிப்பு கொடுத்துக் கொடுத்து நடத்தும் திட்டம் என்பதால், விண்ணப்பிக்கும் முன் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகம் கொடுக்கும் உதவித்தொகையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது படித்துப் பதிந்துவிட்டு ஐந்து வருடம் காத்திருப்பவர்களுக்கு. பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய்தான்.

சம்பளத்தில் பாதி வரும் என்று வாய்க்கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களில், அதாவது இரண்டு வருடத்தில், வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுப்பார்கள். அதில் பாதிதான் ஒரு நாளுக்கு. மாதம் 18,000 வீதம் 24 மாதமும் வாங்கியிருந்தால் மொத்தம் 4,32,000. 730-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 592. பாதி 296. 90 நாளுக்கு 26,600 ரூபாய் சுமார். அந்த இரண்டு வருடத்தில் 14 மாதத்துக்குத்தான் அதே சம்பளம் ஏறியிருந்தாலும் வகுப்பது 730-ஆல்தான். அப்போது 15,500 அளவில் நின்றுவிடும்.

கம்பெனியையே மூடிவிட்டாலோ, சட்டப்படி ஆட்குறைப்பு என்று கடிதம் கொடுத்திருந்தாலோ முதலில் இ.எஸ்.ஐ.-யின் இன்னொரு திட்டமான ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவைக் கேளுங்கள். இரண்டு வருடம் பங்களிப்பு கட்டியிருந்தால் முதல் 12 மாதம் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். யாரும் தானாகச் சொல்வதில்லை, நாம்தான் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

படி 2: பெயரைச் சரிபாருங்கள்

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வேலை போய் 30 நாள் கழிந்ததும் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் இன்சூரன்ஸ் நம்பரைப் போட்டு உள்ளே போய் விண்ணப்பிக்கலாம். கம்பெனி வழியாகப் போக வேண்டியதில்லை. ஆதார், பேங்க் விவரம் இரண்டையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர் இனிஷியல் இருக்கிறதே, அது படுத்தும் பாடு சொல்லி முடியாது.

உதாரணத்துக்கு செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆதாரில் ‘செந்தில்குமார் ஆர்’. பேங்க் புத்தகத்தில் ‘ஆர்.செந்தில்குமார்’, நடுவில் இடைவெளி கிடையாது. கம்பெனியில் சேர்ந்த அன்று யாரோ அவசரத்தில் தட்டியதில் இ.எஸ்.ஐ. பதிவில் ‘செந்தில் குமார் ராமசாமி’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். எங்கள் விண்ணப்பம் அப்படியே நின்றுபோனது.

செய்ய வேண்டியது இதுதான். அந்த 30 நாள் காத்திருப்பை வீணாக்காதீர்கள், பெயர் வேலை முழுவதையும் அதற்குள் முடித்துவிடுங்கள். ஆதாரில் இருப்பதை அசலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இழுங்கள். ஆதாரை மாற்றப் போனால் மற்ற எல்லாம் கலையும். பேங்கில் ஆதார் நகலும் ஒரு கடிதமும் கொடுங்கள். இ.எஸ்.ஐ. பதிவுக்குக் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், கொடுத்ததன் நகலில் தேதி போட்டு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கிலும் இதே கோளாறு இருக்கும். ஆதார் சரிபார்த்த யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) 2017 அக்டோபர் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ வாங்கியது என்றால், 2025 ஜனவரியில் இருந்து பெயர், பிறந்த தேதி போன்றவற்றை ஆன்லைனில் நாமே திருத்திக்கொள்ளலாம். கம்பெனியின் ஒப்புதலுக்காக அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று, வேலையை விட்டு நின்ற தேதி. பி.எஃப். தளத்தில் கம்பெனி அந்தத் தேதியை ஏற்றாவிட்டால் நாமே ஏற்றலாம், ஆனால் கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் அது முடியும். அதனால் கணக்கு முடிக்கப் போகும் அன்றே எச்.ஆரிடம் கையோடு ஏற்றச் சொல்லிவிடுங்கள். மனக்கசப்பில் பேசாமல் வந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

படி 3: காலண்டரில் எழுதுங்கள்

பட்ஜெட் ஆப் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பாதி ஆப்கள் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும், கணக்கில் பணம் குறைவது தெரிந்ததும் ‘உடனடி லோன்’ என்று கண் சிமிட்டும். ஜவுளிக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் இடம் இருக்கும். கட்ட வேண்டியதைச் சிவப்பில் எழுதுங்கள்: வாடகை, தவணை, கரண்ட், சிலிண்டர், பள்ளிக் கட்டணம். வரக்கூடியதை நீலத்தில் எழுதுங்கள். உதவித்தொகையை மட்டும் பணம் ஏறியதாக மெசேஜ் வரும்வரை எழுதாதீர்கள். வேலை போன நாளில் இருந்து இரண்டு மாதத்துக்கு அந்தப் பணம் கிடையாது என்றே வைத்துக்கொண்டால் மனதுக்கு நல்லது.

சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் ரொக்கம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மொய்க் கவர்களில் வாரத்துக்கு ஒன்று என்று போட்டு வைப்பேன். ஜிபே-யில் கொடுத்தால் ஐம்பதும் ஐந்நூறும் ஒரே மாதிரி போய்விடுகிறது. கவரில் நோட்டு மெலிவது கண்ணுக்குத் தெரியும்.

படி 4: அந்த இரண்டு மாதத்துக்கு எங்கிருந்து எடுப்பது?

பி.எஃப்.தான் முதல் வழி. வேலை போனால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதம் 12 மாதம் கழித்து என்று 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தது. அதற்கு முன் இரண்டு மாதத்தில் முழுவதும் எடுக்கலாம் என்று இருந்தது. தளத்தில் எந்த அளவு காட்டுகிறதோ அதில் வாடகைக்கும் தவணைக்கும் தேவையானதை மட்டும் கேளுங்கள். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்த பணம் அது, மொத்தமாகத் துடைக்க வேண்டாம். 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லி பிரவுசிங் சென்டரில் தூண்டுவார்கள், காது கொடுக்காதீர்கள். ஸ்கீம் சர்டிபிகேட் (இதுவரையிலான பென்ஷன் சர்வீஸுக்கான சான்று) வாங்கி வைத்தால் அடுத்த வேலையில் சர்வீஸ் சேரும்.

அதுவும் போதாவிட்டால் நகையைக் கூட்டுறவு சங்கத்திலோ தேசிய வங்கியிலோ வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. கிரெடிட் கார்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டிக்கொண்டு போனால் மாதத்துக்கே மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். லோன் ஆப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

தவணை தேதியில் கணக்கில் பணம் இல்லையென்றால் பேங்க் ஒரு அபராதம் பிடிக்கும், கடன் கொடுத்த கம்பெனி இன்னொன்று போடும். முன்கூட்டியே போன் செய்து தேதியைத் தள்ளிக் கேட்டால் சில இடங்களில் சம்மதிக்கிறார்கள். கூச்சப்பட்டால் ஆகாது.

படி 5: அரிசி, பருப்பு, காய்

ரேஷனில் அரிசி 2011-இல் இருந்து இலவசம். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25 ரூபாய். பருப்பும் எண்ணெயும் வந்தவுடன் போய் வாங்கிவிடுங்கள், மாதக் கடைசியில் போனால் ‘முடிஞ்சுது’ என்ற பதில்தான் கிடைக்கும்.

ரேஷன் அரிசியில் வாடை வருகிறது என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு வழி. புழுங்கலரிசி நான்கு டம்ளருக்கு ஒரு பிடி கல் உப்பு போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளியும்வரை நான்கைந்து முறை களையுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். கிரைண்டரில் உளுந்தை முதலில் போட்டு, பந்தாக உப்பி வரும்வரை தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். அரிசி கொஞ்சம் நறநறவென்று இருக்கும்போதே வழித்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இட்லிக்கு இப்போதும் இந்த அரிசிதான், மல்லிகைப்பூ மாதிரி என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் மாவு பாக்கெட் இட்லியைவிட நன்றாகவே வரும். மிக்ஸியில் ஆட்டினால் மாவு சூடாகிவிடும், முடிந்தவரை கிரைண்டர்.

காய்க்கு உழவர் சந்தை. எங்களுக்குச் சிங்காநல்லூர் பக்கம். விடிகாலையிலேயே போக வேண்டும், வெயில் ஏறினால் கடை காலி. வாசலில் இருக்கும் விலைப் பலகையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாரம் முழுவதும் தள்ளுவண்டியில் பேரம் பேச உதவும்.

சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் நான்தான் போய்வந்தேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்தில் இருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, எதற்கு பைக்கை எடுத்துப் பெட்ரோலைக் கொளுத்துவது?

படி 6: மருந்துச் செலவு

வேலை போனதோடு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு ஏறியிருந்தால் அதற்கான பலன் காலம், அதாவது சிகிச்சை கிடைக்கும் காலம், ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. மார்ச் கடைசியில் வேலை போனவர், கட்ட வேண்டியது முழுதாக ஏறியிருந்தால், டிசம்பர்வரை குடும்பத்தோடு டிஸ்பென்சரிக்குப் போகலாம்.

அத்தைக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை பதிந்தால் போதும்.

படி 7: மொய்

எந்த பட்ஜெட் புத்தகத்திலும் இது இருக்காது, ஆனால் வைகாசியிலும் ஆவணியிலும் நம் வீட்டை ஆட்டிவைப்பது இதுதான். நோட்டை எடுத்துப் பாருங்கள். நமக்கு எழுதியவர்களுக்குத் திருப்பி எழுதியே ஆக வேண்டும், அதைக் காலண்டரில் சிவப்பில் சேர்த்துவிடுங்கள். மற்ற பத்திரிகைகளுக்கு ஒருவர் மட்டும் போய் 101 வைத்துவிட்டு வரலாம். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, நினைத்தவர்கள் வேலை வாங்கித் தரப் போவதுமில்லை.

பின்சேர்க்கை: பதிவைப் படித்தவர்கள் கேட்டவை

கரண்ட் பில் பற்றி எழுதவில்லையே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது 500 யூனிட் கோடு. அதற்குள் நின்றால் 101 முதல் 200 வரைக்கும் கூடுதல் மானியம் உண்டு, ஒரு யூனிட் தாண்டினாலும் அது போய்விடும். கணக்கெடுக்க வரும் முன்பே மீட்டரைப் பார்த்து வையுங்கள்.

ஆனால் வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரம்மா தனியாக வாங்கினால் இந்த இலவசம் எதுவும் குடித்தனக்காரருக்கு வந்து சேராது என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். உண்மைதான். வீட்டுக்கென்று தனி சர்வீஸ் நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பில்லை அந்த நம்பரில் நீங்களே நேரடியாகக் கட்டுவதாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த வீடு பார்க்கும்போது வாடகையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.