வார்த்தை வராத நேரத்தில் ஜெபிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு செய்முறை

உடம்புக்கு முடியவில்லை, அல்லது மனசு ஒடிந்து கிடக்கிறது. ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் வார்த்தை வருவதில்லை. வேதத்தைத் திறந்தால் எங்கே வாசிப்பது என்று தெரிவதில்லை. இந்த விளக்கம் அந்த நிலையில் இருப்பவர்களுக்கு. பல வருடம் சபைக்குப் போயும் தனியாக உட்கார்ந்து ஜெபித்துப் பழகாதவர்களுக்கும் இது உதவும்.

தேவையானவை: ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா, சுமார் 20 நிமிடம். வேதாகமம் எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் சரி. இங்கே நான் எடுத்துக்காட்டும் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை. திருவிவிலியம் வைத்திருப்பவர்கள் சங்கீதம் என்று நான் சொல்லும் இடத்தில் திருப்பாடல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனில் வாசிப்பதாக இருந்தால் முதலில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். ஜெபிக்கிறோம் என்பதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். பவுலோடு இருந்த லூக்காவை வேதமே "பிரியமான வைத்தியன்" என்கிறது (கொலோசெயர் 4:14). அடிக்கடி வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்ட தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் பவுல் (1 தீமோத்தேயு 5:23). மாத்திரை போட்டுக்கொண்டு ஜெபிப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு வசனத்தையும் காட்டுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால், இந்தச் செய்முறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள், டாக்டரையோ உங்கள் ஊரில் உள்ள உதவி எண்ணையோ உடனே அழையுங்கள்.

படி 1: முதலில் உடம்பைக் கவனியுங்கள்

இதைப் பலர் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அப்படியே தூங்கிவிடுகிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, ஏன் பயந்தாய் என்று திட்டவும் இல்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். தேவன் அவரோடு பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பின்புதான். அங்கேயும் காற்றிலோ பூமியதிர்ச்சியிலோ அக்கினியிலோ இல்லை, அமர்ந்த மெல்லிய சத்தத்தில்.

ஆகவே பசியோடு இருந்தால் முதலில் சாப்பிடுங்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றால் ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொண்டு படுத்துவிடுங்கள். அதுவும் ஜெபத்தில் சேர்த்திதான்.

முழங்கால்படியிட முடிந்தால் செய்யுங்கள். முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், படுக்கையிலேயே இருக்கலாம். நேரமும் உங்கள் வசதிப்படிதான். அதிகாலைதான் பரிசுத்தமான நேரம் என்று சட்டம் எதுவும் இல்லை.

படி 2: ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்

கண்ணை மூடி எங்காவது திறந்து, விரல் பட்ட வசனத்தை வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வம்சவரலாற்றில் போய் விரல் நின்றால் என்ன செய்வீர்கள்? உங்கள் நிலைக்கு ஏற்ற பகுதியை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

தூக்கம் வராத இரவுக்கு 4-ம் சங்கீதம். எட்டே வசனம், கடைசி வசனத்தில் "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று முடியும். நோயில் படுத்திருப்பவர்களுக்கு 6 அல்லது 41. மனசு காரணமில்லாமல் கலங்கினால் 42. அதில் பாடுகிறவர் தன் ஆத்துமாவிடமே "நீ ஏன் கலங்குகிறாய்?" என்று கேட்கிறார். குற்ற உணர்ச்சி அரித்தால் 32 அல்லது 51. தேவன் மறந்துவிட்டார் என்று தோன்றினால் 13. சுமை தாங்காமல் அலுத்துப்போயிருந்தால் மத்தேயு 11:28 முதல் 30 வரை. எதுவும் புரியவில்லையா? 23-ம் சங்கீதத்தை எடுங்கள். மனப்பாடமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

ஒரு வாரம் முழுவதும் அதே பகுதிதான். மாற்றாதீர்கள். புதிய வசனம் வேண்டும் என்ற ஆசை வரும், இரண்டாம் மூன்றாம் நாளில் சலிப்பும் வரும். சலித்த பிறகுதான் நம்மில் பலருக்கு உண்மையில் வாசிக்கவே வருகிறது.

படி 3: மெதுவாக, வாய்விட்டு வாசியுங்கள்

மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை என்ன சொல்லியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை இன்னும் மெதுவாக, எந்தச் சொல்லில் மனசு நிற்கிறது என்று பார்க்க. மூன்றாம் முறை அந்தச் சொல் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மீதியை வாசிக்க வேண்டாம். அந்தச் சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள்.

இது புதிதாக வந்த உத்தி இல்லை. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி இந்த வழியை வாசிப்பு, தியானம், ஜெபம், அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகளாக எழுதி வைத்தார். அவருக்கும் பல நூற்றாண்டு முன்பிருந்தே மடங்களில் இப்படி வாசித்துவந்தார்கள்.

எந்தச் சொல்லும் தொடவில்லை என்றால்? நடக்கும். அப்போது முதல் வசனத்தையே எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். ஏதாவது உணர்வு வந்தே ஆகவேண்டும் என்று உங்களைப் பிழிந்துகொள்ள வேண்டாம்.

படி 4: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

இந்தச் செய்முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். ஜெபம் என்றதும் நமக்கு ஒரு தனிக் குரல் வந்துவிடுகிறது. "அன்பின் பரலோக பிதாவே" என்று தொடங்கி, கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போகிறோம். உள்ளே கொதித்துக்கொண்டிருப்பது அதில் எங்குமே வராது.

சங்கீதங்களை எழுதியவர்கள் அப்படி ஜெபிக்கவில்லை. 150 சங்கீதங்களில் புலம்பல்களும் முறையீடுகளும்தான் மற்ற எந்த வகையையும்விட அதிகம். 6-ம் சங்கீதத்தில் ஒருவர் இரவெல்லாம் அழுது கட்டிலை நனைக்கிறார். 13-ம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று நேரடியாகக் குற்றம் சாட்டித் தொடங்குகிறது. 88-ம் சங்கீதம் கடைசிவரை ஆறுதல் எதுவும் வராமலே முடிந்துவிடுகிறது. அப்படியும் அதை ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் பேச அனுமதி இருக்கும்போது, நாம் ஏன் தேவனிடம் நாகரிகம் பார்க்க வேண்டும்?

எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 13-ம் சங்கீதத்தையே அச்சாக வைத்துக்கொள்ளலாம். மொத்தம் ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்தில் முறையீடு, அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. அதே வரிசையில் உங்கள் சொந்தப் பேச்சில் எழுதுங்கள். உதாரணமாக இப்படி:

"கர்த்தாவே, இந்த வலி எத்தனை நாளைக்கு? நான் கூப்பிடுவது உமக்குக் கேட்கிறதா என்றே தெரியவில்லை. எல்லாரும் சரியாகிவிடும் என்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது. என்னைப் பாரும். இன்று இரவு மட்டுமாவது தூங்க வேண்டும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் உம்மிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்."

கடைசி வரியைப் பாருங்கள். கடைசியில் வர வேண்டிய நம்பிக்கை பொய்யாக இருக்கக் கூடாது. பாடத் தோன்றாதபோது "பாடுவேன்" என்று எழுத வேண்டியதில்லை. தன் மகனுக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சொன்னான் (மாற்கு 9:24). அந்தப் பாதி விசுவாசத்தோடு கேட்டும் பையன் சுகமானான். எழுதிய தாளை யாருக்கும் காட்ட வேண்டாம், வேண்டுமானால் கிழித்துவிடலாம். அழுகை வந்தால் அடக்காதீர்கள். வார்த்தையே வரவில்லை என்றால் பெருமூச்சு போதும், ரோமர் 8:26-ல் அதற்கும் இடம் இருக்கிறது.

படி 5: வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

பார்வையற்ற பர்திமேயு கூப்பிட்டுக் கத்தியபோது, அவனுக்கு என்ன வேண்டும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் இயேசு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). அவனும் சுற்றிவளைக்காமல் பார்வை வேண்டும் என்றான். நீங்களும் அப்படியே கேளுங்கள். "ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "முதுகு வலி குறைய வேண்டும்", "அண்ணனோடு பேச்சு வார்த்தை திரும்ப வேண்டும்", "நாளைக்கு ஸ்கேன் எடுக்கும்போது பயப்படாமல் இருக்க வேண்டும்" என்று கேளுங்கள்.

"உம்முடைய சித்தம்" என்று முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. பணிவாகத் தெரிந்தாலும், பல நேரம் அது ஏமாற்றத்துக்குப் பயந்து கேட்காமல் இருப்பதுதான். கெத்செமனேயில் இயேசுவே முதலில் இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கேட்டார். "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது (மாற்கு 14:36).

படி 6: கேட்டுவிட்டு, சும்மா இருங்கள்

ஐந்து நிமிடம் போதும். படி 3-ல் எழுதிய சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாக இருங்கள். மனசு ஓடும், கட்டவேண்டிய பில் ஞாபகம் வரும், யாரோ சொன்ன ஒரு வார்த்தை குத்தும். அதோடு சண்டை போடாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்புங்கள். மறுபடி ஓடினால் மறுபடி திரும்புங்கள், அவ்வளவுதான்.

மூச்சோடு சேர்த்துச் சொல்வது சிலருக்கு எளிதாக இருக்கும். மூச்சை இழுக்கும்போது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", விடும்போது "நான் தாழ்ச்சியடையேன்". வலி அதிகமாக இருக்கும் நேரத்தில், ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருக்கும்போது, பஸ்ஸில் நெஞ்சு படபடக்கும்போது, மற்ற படிகள் எதுவும் இல்லாமல் இதை மட்டும் செய்யலாம்.

இடையில் தூங்கிவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்கிறது 127-ம் சங்கீதம். புயலில் படகு தத்தளித்தபோது இயேசுவே பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

படி 7: ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்

வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறது யாக்கோபு 5:14. யார் யாரை அழைக்க வேண்டும் என்று கவனியுங்கள். படுத்திருப்பவர் கூட்டத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, அவர்கள்தான் வர வேண்டும். வெட்கப்படாமல் கூப்பிடுங்கள். மூப்பர்கள் பழக்கமில்லை என்றால், கேட்டதை வெளியே சொல்லாத ஒரு நண்பர் போதும்.

ஆனால் யாரிடம் போகக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சுகத்துக்கு விலை பேசுகிறவர்கள், காணிக்கை குறைந்ததால்தான் நோய் என்கிறவர்கள், மருந்தைத் தூக்கி எறியச் சொல்கிறவர்கள், எந்தப் பாவத்தால் வந்தது என்று துருவுகிறவர்கள். கடைசிக் கேள்வியைச் சீஷர்களே ஒருமுறை கேட்டார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்றார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3). யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை.

இத்தனையும் செய்தும் சுகம் வரவில்லை என்றால்?

பலரின் மனசில் இருக்கும் கேள்வி இதுதான். வேதம் இதை மறைக்கவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:9). பலருக்குச் சுகம் கொடுத்த அதே பவுல், துரோப்பீமு என்ற உடன் ஊழியரை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). யார் விசுவாசம் குறைந்தது என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. நோய் போகாமலே இளைப்பாறுதல் வரலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தேதி குறித்துக் கொடுக்கிறவரை நம்பாதீர்கள். படி 4-க்குத் திரும்பிப் போங்கள், ஏமாற்றத்தையும் அங்கேயே சொல்லுங்கள்.

முதல் வாரம் முடிந்ததும் நோட்டை எடுத்து, ஒவ்வொரு நாளும் எழுதிய சொல்லை வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு சொல் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அடுத்த வாரம் எதைப் பற்றி ஜெபிப்பது என்று அதிலிருந்து தெரியும். சங்கீதங்களில் கொஞ்சம் கால் ஊன்றிய பிறகு மாற்கு சுவிசேஷத்தைத் தொடங்கலாம். நான்கு சுவிசேஷங்களிலும் சிறியது அது, 16 அதிகாரம்தான். இயேசு நோயாளிகளை எப்படித் தொட்டார், என்ன கேட்டார் என்பதை அதில் முதல் அதிகாரத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும்.