குனிந்து தூக்கும் முன் ஒரு கம்பு

காஸ் சிலிண்டரை நகர்த்தினாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறதா? நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. எடை மட்டுமல்ல, நாம் குனிகிற விதமும் சிக்கலாக இருக்கலாம்.

ஒட்டடைக் கம்பு ஒன்றை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு என மூன்று இடத்திலும் அது தொட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, கை நிறையச் சாமான் இருக்கும்போது கதவைப் பின்பக்கத்தால் சாத்துவோமே, அப்படி இடுப்பைப் பின்னே தள்ளிக் குனியுங்கள். ஓரிடத்தில் கம்பு விலகினாலும் முதுகின் நிலை மாறிவிட்டது என்று அர்த்தம். தினமும் பல் தேய்த்ததும் 10 முறை போதும்.

முதல் சில நாளாவது ஒரு பயிற்சியாளர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். நம் முதுகு நமக்குத் தெரியாதே! கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் அதுவே நிலையைக் கெடுக்கும். ஆள் கிடைக்காவிட்டால் செல்போனை இடுப்பு உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். நானும் நேராகத்தான் குனிகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன், என் வீடியோவைப் பார்க்கும்வரை.

முதல் நாளே எடையை ஏற்றச் சொல்கிறவரிடம் அப்புறம் போகாதீர்கள். வலி முதுகிலிருந்து காலுக்கு இறங்கினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், கம்பு அப்புறம்.